கையை விடக் கொஞ்சம் நேரமாகும்

என்னை உட்காரச் சொல்லாதவர்கள் இந்த உலகத்தில் குறைவு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள், ஹோட்டல் சலவைப் பிரிவில் என் மேற்பார்வையாளர் இன்றைக்கும் சொல்கிறார். "ஏம்மா பம்பரம், கொஞ்சம் உட்காரேன், பார்க்கிற எங்களுக்குக் கால் வலிக்குது." எல்லோருக்கும் என் கால்மேல் அவ்வளவு கரிசனம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கரிசனம் என் தங்கையின் மாமியாருக்கு வந்தது.

"பெரியவளே, இப்படி வந்து உட்காரு. நீ அங்கயும் இங்கயும் நடக்கிறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

"இருக்கட்டும் அத்தை," என்றேன், நடந்துகொண்டே.

வராந்தாவின் ஒரு முனையில் ஆபரேஷன் அறையின் இரட்டைக் கதவு. மறுமுனையில் குளிர்பான இயந்திரம். நடுவில் சுவரோரமாக ஒன்றோடொன்று சேர்த்து வைத்த இரும்பு நாற்காலிகள். அதில் என் அம்மா, ஒரு நாற்காலி தள்ளி மாமியார்க்காரி, அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. எதிரே திரை போட்ட சின்ன அறையில் என் தங்கை படுத்திருந்தாள். காலையில் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரும்பலகைக்குக் கீழேயே சுருண்டுவிட்டாள். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

குடல்வாலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எத்தனையோ பேருக்கு எடுக்கிறார்கள், நாலு நாளில் எழுந்து நடக்கிறார்கள். என் கவலையெல்லாம் மயக்க ஊசி. எங்கள் குடும்பத்தில் ஒரு கோளாறு உண்டு. அதைச் சொல்லாமல் வழக்கமான ஊசியைப் போட்டால் அவள் தாடை பூட்டிக்கொள்ளும், மூச்சுக்குழாயைச் செலுத்த முடியாமல் போகும். ஒரு நரம்பு டாக்டர் இதை என்னிடம் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார். அங்கே இது தெரிந்தவர்கள் நான், அம்மா, தங்கை மூன்று பேர்தான். சற்றுமுன் அந்தத் திரை அறைக்கு ஒரு நர்ஸ் வந்து, "பேஷண்டுக்கு வேற ஏதாவது நோய் உண்டா?" என்று கேட்டபோது மூன்று பேரும் ஒரே குரலில் "இல்லை" என்றோம்.

நானும்தான். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அது யோசித்துச் சொன்ன பொய்யில்லை. "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால் பசியோடு இருந்தாலும் "ஆச்சு" என்கிறோமே, அந்த மாதிரி. சின்ன வயதிலிருந்து வாயில் ஊறிப்போன பதில். கேள்வி முடிவதற்குள் அது வெளியே வந்துவிடும்.

எங்கள் வீட்டில் அந்தக் கோளாறுக்குப் பெயர் பூட்டு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு எதையாவது இறுக்கிப் பிடித்தால், பிடித்த கை உடனே திறக்காது. உட்கார்ந்திருந்து சட்டென்று எழுந்தால் கால் மரத்துப் போகாமலே மரமாகிவிடும். பலமாகத் தும்மினால் மூடிய கண் மூடியபடியே இருக்கும். வலியெல்லாம் கிடையாது. மெல்ல மெல்லத் தானாக இளகிவிடும். திரும்பத் திரும்ப அசைத்துக்கொண்டே இருந்தால் பூட்டு விழாது, அதனால்தான் நாங்கள் உட்காருவதில்லை. குளிர் எங்களுக்கு ஜென்ம விரோதி. நானும் தங்கையும் பிறத்தியார் முன்னால் ஐஸ்க்ரீம் சாப்பிட்டதே இல்லை. நாக்கு மடங்கிக்கொண்டு பேச்சு குழறும், அப்புறம் யாருக்கு விளக்கம் சொல்வது?

அப்பாவிடமிருந்து எங்களுக்கு வந்தது இது. அப்பா தபால்காரர். நாள் முழுக்க நடக்கிற வேலை என்பதால் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டார். ஒருநாள் தெருவைக் கடக்கும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. திடுக்கிட்டால் எங்களுக்கு உடம்பு முழுக்கப் பூட்டு விழும். கையைக்கூட ஊன்றாமல் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், கடிதங்கள் தெருவெல்லாம் பறந்தன. பட்டப்பகலில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று ஊர் பேசியது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர் அவர்.

அம்மா யாரிடமும் மறுக்கவில்லை. "குடிகாரன் பொண்டாட்டின்னா நாலு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க. சீக்காளிக் குடும்பம்னு பேர் வந்தா ரெண்டு பொண்ணுங்களையும் எவன் கட்டுவான்?" என்றாள். அன்றைக்கு மூடிய வாயை அப்பா போன பிறகும் அவள் திறக்கவில்லை, எங்களையும் திறக்க விடவில்லை. அம்மாவுக்குப் பூட்டு கிடையாது. ஆனால் பிடித்த பிடியை விடாததில் எங்கள் எல்லோரையும் தோற்கடித்துவிடுவாள்.

தங்கையின் கல்யாண வரவேற்பில் வந்தவர்கள் கைகுலுக்கி வைத்துவிடப் போகிறார்களே என்று, அவள் இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு பெரிய பூங்கொத்தைத் திணித்து, "செத்தாலும் கீழ வைக்காதே" என்று அம்மா உத்தரவு போட்டாள். கூட்டம் கலைந்த பிறகு குளியலறையில் வெந்நீரை ஊற்றி ஊற்றி, அந்தப் பூங்கொத்தை அவள் விரல்களிலிருந்து நான்தான் பிரித்தெடுத்தேன். இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்குத் தாடையும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. அம்மா கதவைத் தட்டி, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழப்போகுது" என்று பல்லைக் கடித்தாள்.

எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அது வேறு கதை, அதற்குப் பூட்டைக் குறை சொல்ல முடியாது. என் வாய்தான் காரணம்.

நான் சலவைப் பிரிவுக்கு வேலைக்குப் போனதே அது வெக்கையான இடம் என்பதால்தான். படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளையில் நீட்டி, மடித்து, அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓயாது, உடம்பு குளிராது. எனக்காகவே கண்டுபிடித்த வேலை என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் கொதிகலன் பழுதாகி எல்லாம் குளிர்ந்து கிடந்தது. ஈர விரிப்புகள் நிறைந்த வண்டியைச் சரிவில் இறக்கும்போது கைப்பிடியில் என் கை பூட்டிக்கொண்டது. வண்டி போன போக்கில் நானும் போனேன், சுவர்தான் நிறுத்தியது. மேற்பார்வையாளர் பயந்துபோய் டாக்டரிடம் அனுப்பினார், அவர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்.

நரம்பு டாக்டர் ஒரு ரப்பர் சுத்தியலால் என் கட்டைவிரலின் அடிச்சதையில் தட்டினார். விரல் மடங்கி அப்படியே நின்றது. மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மாணவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மறுபடியும் தட்டிக் காட்டினார். என்னமோ நான் காசு வாங்காமல் வித்தை காட்ட வந்தவள் மாதிரி. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அப்புறம் கைச்சதையில் ஒரு ஊசியைச் செருகி, அதன் ஒயரை ஒலிபெருக்கியில் மாட்டினார். பைக்கை முறுக்கிவிட்டு அணைக்கிற சத்தம் கேட்டது. அது என் கைக்குள்ளிருந்து வருகிறது என்று நம்பவே முடியவில்லை.

"இதுக்குப் பேர் மயோடோனியா," என்றார்.

"துணி துவைக்கிற பவுடர் பேர் மாதிரி இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "உங்க தசையில ஒவ்வொரு இழையைச் சுத்தியும் ஒரு மெல்லிசான சவ்வு இருக்கும்மா. அந்தச் சவ்வுல புரதத்தால ஆன குட்டிக் குட்டிக் கதவுங்க. உப்பைத் தண்ணியில கரைச்சா சோடியம் தனியா, குளோரைடு தனியாப் பிரியுது இல்லையா? குளோரைடு போறதுக்குன்னே தனிக் கதவு இருக்கு. தசை சுருங்கணும்னா அதுல மின்சாரம் ஓடணும். ஓடினது போதும், அடங்குன்னு சொல்றது யாரு? அந்தக் கதவு வழியாப் போற குளோரைடுதான். உங்க குடும்பத்துல அந்தக் கதவைச் செய்யச் சொல்ற மரபணுவிலேயே ஒரு பிழை. கதவு சரியாத் திறக்கிறதில்லை. நீங்க விடுன்னு சொன்னாலும் தசை அடங்க மாட்டேங்குது."

"புரதம்னா முட்டை, பருப்புன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். சரி, உப்பை அதிகமாச் சாப்பிட்டா சரியாகுமா?"

"கதவு திறக்கலைன்னா வாசல்ல கூட்டம் சேர்ந்து என்ன பிரயோஜனம்?" என்றார். "இதே குளோரைடுக்கு நுரையீரல்ல வேற கதவு, சிறுநீரகத்துல வேற கதவு. எது கெட்டுப் போகுதோ அதுக்குத் தகுந்த நோய். நுரையீரல் கதவு கெட்டவங்களுக்குச் சளி கெட்டியாகி மூச்சையே அடைச்சுடும். உங்களுக்குக் கெட்டது தசைக் கதவு. தப்பிச்சீங்கன்னு வச்சுக்குங்க."

அதற்கப்புறம்தான் விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. உங்களுக்கோ உங்க வீட்ல பூட்டு இருக்கிற வேற யாருக்கோ எப்ப மயக்க மருந்து கொடுத்தாலும் முன்னாடியே சொல்லியாகணும். தசையைத் தளர்த்துறதுக்குன்னு ஒரு ஊசி போடுவாங்க. ஊருக்கெல்லாம் தளரும், உங்களுக்கு இறுகும். அப்ப டாக்டர் கையில நேரம் இருக்காது."

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பயத்தில் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு திறக்காததற்காக என் அப்பா குடிகாரன் என்ற பெயரோடு செத்துப்போனார் என்று அழுதேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த டாக்டர்கிட்ட உன் தங்கச்சி பேரைச் சொன்னியா?"

இப்போது அந்தத் தங்கைதான் திரைக்குப் பின்னால் கிடந்தாள்.

"இல்லை" என்று சொன்ன வாய் மூடுவதற்குள் நான் அந்த நர்ஸின் பின்னாலேயே ஓடினேன். "சிஸ்டர், ஒரு நிமிஷம். என் தங்கச்சிக்குத் தசை பூட்டிக்கும், அதனால..." அதற்குள் என் முழங்கைக்குப் பக்கத்தில் அம்மா வந்து நின்றுவிட்டாள். இந்த வயதில் என்ன வேகம்!

"வலி தாங்காம இழுத்துப் பிடிச்சுக்குதும்மா, அதைச் சொல்றா," என்றாள் அம்மா, பாலில் தேன் கலந்த குரலில்.

"வலிக்கு ஊசி போட்டாச்சு," என்றாள் நர்ஸ். அவளுடைய ஃபோன் வேறு அடித்தது. "வேற ஏதாவது கேட்கணும்னா மயக்க மருந்து டாக்டர்கிட்ட கேளுங்க. உள்ள தயார் பண்ணிட்டிருக்காங்க. பேஷண்டை அழைச்சிட்டுப் போக அவங்களே வெளிய வருவாங்க."

அம்மா என் முழங்கையைக் கிள்ளித் திருப்பினாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி. அவ மாமியார் பத்தடியில உட்கார்ந்திருக்கா. ஏற்கெனவே குழந்தை இல்லைன்னு ஜாடை பேசிட்டிருக்கிறவ. இதுவும் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரியலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே."

"அப்பாவுக்கு எப்பம்மா மயக்க ஊசி போட்டாங்க? ஒரு பல்லுகூடப் பிடுங்கினதில்லை!"

அம்மா திரும்பி மாமியார் இருந்த பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. என்னைவிட அதிகமாகவே இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அவள் பயந்துகொண்டிருந்தது வேறொன்றுக்கு.

திரையை விலக்கிக்கொண்டு தங்கையிடம் போனேன். உதடு வெளுத்துப் படுத்திருந்தாள். போர்வைக்குள் அவள் கால்விரல்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. அந்த நிலைமையிலும் பூட்டு விழாமல் பார்த்துக்கொள்கிறாள்.

"சின்னவளே, டாக்டர் வந்ததும் நான் சொல்லப்போறேன்."

"வேண்டாம்க்கா." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "என் வீட்டுக்காரருக்கே தெரியாது. இத்தனை வருஷம் மறைச்சிட்டு இப்ப எல்லார் முன்னாடியும் எப்படி? கொஞ்ச நேரம் தூங்கப் போறேன், அவ்வளவுதானே."

"எழுந்திருக்கணுமே, அதுக்குத்தான்."

"நான் எழுந்ததும் என் வாயால நானே சொல்றேன். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்க்கா, நீ சொல்லாதே." கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

என் தங்கை என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. பிடுங்கிக்கொள்வதுதான் அவள் வழக்கம். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து நடக்க ஆரம்பித்தேன். அந்த இரட்டைக் கதவு திறந்து டாக்டர் வெளியே வரும்போது என் கால் தயாராக இருக்க வேண்டும். இயந்திரம்வரை ஒரு நடை, கதவுவரை ஒரு நடை. போகும்போது அவள் கெஞ்சியது நினைவுக்கு வரும், திரும்பும்போது நரம்பு டாக்டரின் விரல் நினைவுக்கு வரும். வராந்தாவில் ஏசி வேறு, பிணவறை மாதிரி போட்டு வைத்திருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மாமியார்க்காரி உட்காரச் சொன்னது. நான் மறுத்ததும் மகனுக்குக் கண்ணைக் காட்டினார். மாப்பிள்ளை ரொம்ப மரியாதைக்காரர், எழுந்து போய் இயந்திரத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் வழியில் நின்றார்.

"அக்கா, காலையிலேருந்து நீங்க தண்ணிகூடக் குடிக்கலை. தயவுசெஞ்சு ரெண்டு நிமிஷம் உட்காருங்க. எனக்கே படபடன்னு வருது."

பாட்டிலை வாங்கிக்கொண்டேன். மாமியார்க்காரி என் தோளை அழுத்தித் தமக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார வைத்தார். இரும்பு நாற்காலி சேலை வழியாகச் சில்லிட்டது. தலைக்கு நேர் மேலே குளிர்காற்று இறங்கியது. கையில் பாட்டில், பனிக்கட்டியாக. உடனே எழுந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமியார்க்காரி என் தொடையில் கையை வைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா முடியும்" என்று ஆரம்பித்தார். நல்ல வார்த்தை சொல்கிறவரின் கையை எப்படித் தட்டிவிடுவது? கால்விரல்களை அசைக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரட்டைக் கதவு படாரென்று திறந்தது. பச்சை உடையில் ஒரு டாக்டரம்மா வெளியே வந்து நேரே திரை அறைக்குள் போனார். நான் என்ன ஏது என்று உணர்வதற்குள் வார்டு ஆளும் நர்ஸும் தங்கையைச் சக்கரப் படுக்கையோடு வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டர் பக்கத்தில் வேகமாக நடந்து வந்தார். கதவு பத்தடி தூரம்கூட இல்லை.

எழுந்தேன். எழுந்தது இடுப்புக்கு மேலேதான். கால் இரண்டும் வரமாட்டேன் என்றுவிட்டன. பாட்டிலைக் கீழே போட நினைத்தேன், அந்தக் கையும் பூட்டியிருந்தது. "டாக்டர்!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் அப்பா விழுந்த மாதிரியே முன்பக்கமாகச் சாய்ந்தேன். டாக்டர் திரும்பி, பாய்ந்து கையை நீட்டினார். அவர் மணிக்கட்டை என் இடது கை கவ்விப் பிடித்தது. முழங்கால் தரையில் மோதியது, ஆனால் முகம் தப்பித்தது.

"அவ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை டாக்டர், தலைசுத்தல்," என்று அம்மா அதற்குள் ஓடி வந்துவிட்டாள்.

"பரவாயில்லை, மெதுவா எழுந்திருங்க. கையை விடுங்கம்மா, நான் உள்ள போகணும்."

"விட முடியலை டாக்டர்."

"என்னது?"

"விடணும்னுதான் நினைக்கிறேன். கை திறக்காது, கொஞ்சம் நேரமாகும்." மூச்சு வாங்கியது. "எங்களுக்கு மயோடோனியா. எனக்கும் இருக்கு, தங்கச்சிக்கும் இருக்கு. நோய் இல்லைன்னு நாங்க சொன்னது பொய்."

டாக்டர் என் மணிக்கட்டைப் பார்த்தார், வெளுத்துப்போன விரல்களைப் பார்த்தார். மற்றொரு கையில் விழவும் விழாமல் உடையவும் உடையாமல் இருந்த பாட்டிலைப் பார்த்தார். முன்கைச் சதையை அமுக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. புரிந்துகொண்டுவிட்டார், என் உயிர் திரும்பி வந்தது.

"இவங்களுக்கும் இருக்கா?" என்று தங்கையைக் காட்டி அம்மாவிடம் கேட்டார்.

"இல்லை," என்றாள் அம்மா. அந்தப் பாழாய்ப்போன பதில், கேள்விக்கு முன்னாலேயே.

டாக்டர் அம்மாவிடம் வாதாடவில்லை. நான் பிடித்திருந்த கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் போய், தம் மற்றொரு கையின் இரண்டு விரல்களைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தார். "இதை இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்."

தங்கை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். விரலை மடக்கவில்லை.

"பிடிடி," என்றேன். "பொழைச்சு வந்து என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. திட்டுறதுக்கு நீ வேணும்டி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு டாக்டரின் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப விடுங்க."

விரல்கள் திறக்கவில்லை. எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கையை அக்காவிடமும் மற்றொரு கையைத் தங்கையிடமும் கொடுத்துவிட்டு டாக்டர் நடுவில் நின்றார். "நல்லா மாட்டிக்கிட்டேன்," என்றார். வார்டு ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். டாக்டர் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "உள்ள யாரு? நான் எடுத்து வச்ச தசை தளர்த்துற ஊசி வேண்டாம், அதைத் தூக்கிப் போடுங்க. வேற மருந்து தர்றேன். ஏசியைக் குறைங்க. கம்பளியைச் சூடு பண்ணி வைங்க. இந்தப் பொண்ணுக்குக் குளிரவே கூடாது."

என் விரல்கள்தான் முதலில் இளகின. டாக்டரின் மணிக்கட்டில் நாலு சிவப்புத் தடம். அதைத் தடவிக்கொண்டே, "நல்ல நேரத்துல விழுந்தீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தங்கையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு ஆடி ஆடி நின்றது.

அதன் பிறகு நான் நடக்கவில்லை. பாட்டில் கையிலிருந்து கழன்ற பின்னும் நாற்காலியிலேயே இருந்தேன்.

மாமியார்க்காரிதான் முதலில் வாயைத் திறந்தார். "இது தொத்துற வியாதியா?"

"இல்லை அத்தை. பிறக்கும்போதே வர்றது."

"பிறக்கப்போற குழந்தைக்கு?"

"வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." குரலை உயர்த்தவில்லை, அதுவே குத்தியது. அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாமியார்க்காரி எழுந்து போய் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த வராந்தாவே அதிர்ந்திருக்கும்.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் தம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க."

"தினமும் காலையில வேலைக்குக் கிளம்பும்போது வாசல்ல நின்னு என் கையைப் பிடிப்பா. பிடிச்சா லேசுல விடமாட்டா. நான் போகணும்மா, விடும்பேன். சிரிச்சுக்கிட்டே நிப்பா." எச்சிலை விழுங்கினார். "ஆசைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

வாய்க்கு வாய் பேசுகிறவள் நான். அந்த மனிதர் முகத்தைப் பார்த்து ஒரு சொல்லும் வரவில்லை. பூட்டு விழும் என்று தெரிந்தும் அவள் ஏன் தினமும் கையைப் பிடித்தாள் என்று யோசியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. நான் இந்த முறை மெதுவாக, கால்விரல்களை அசைத்துக்கொண்டு எழுந்தேன். டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "நல்லா இருக்காங்க. கொஞ்ச நேரத்துல பார்க்கலாம்." அம்மா அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு, ஊரைக் கூட்டி, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

உள்ளே விட்டபோது தங்கை கண்ணைத் திறந்தும் திறக்காமலும் கிடந்தாள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள், நான் உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றேன். எங்களுக்குப் பின்னால் மாமியார்க்காரி வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போய், தங்கையின் காலிலிருந்து விலகியிருந்த கம்பளியை இழுத்து மூடி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார். "குளிரக் கூடாதுன்னாங்களே," என்றார் யாரிடமோ.

மாப்பிள்ளை படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்தாள், பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை.

"விடு பார்ப்போம்," என்றார்.

விரல்கள் ஒவ்வொன்றாக, சுண்டுவிரலில் ஆரம்பித்துத் திறந்தன. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசி விரலும் விட்டது. விடுபட்ட கையை அவர் எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே வைத்திருந்தார்.

அவள் அந்தக் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.